தமிழர் இல்லத் தரைத் தேர்வில் அழுக்குத் தெரியாமைக் கோட்பாடு: ஓர் ஆய்வு

முன்னுரை

சங்க இலக்கியத்தில் எறும்பு, காப்பியங்களில் உப்பு, சிற்றிலக்கியங்களில் கொட்டாவி என்று முனைவர் பட்டத் தலைப்புகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டு வரும் காலம் இது. அப்படியிருக்க, புதுவீட்டுக்கு என்ன தரை போடுவது என்று தமிழ்க் குடும்பங்களில் மாதக்கணக்கில் நடக்கும் வாதப் பிரதிவாதங்களை எந்தத் துறையும் கண்டுகொள்ளாதது வியப்புக்குரியது. அக்குறையைப் போக்கவே இச்சிறு முயற்சி. ‘இச்சிறு முயற்சி’ என்று தொடங்கினால்தான் ஆயிரம் பக்கம் எழுத உரிமை கிடைக்கும் என்பது ஆன்றோர் வழக்கு.

ஆய்வின் எல்லை தலைவாசலில் தொடங்கிப் பின்கட்டில் முடிகிறது. மொட்டை மாடி சேர்க்கப்படவில்லை, வெயில்.

கருதுகோள்

டைல்ஸ் கடையில் மரம் மாதிரி டைல்ஸ் உண்டு, பளிங்கு மாதிரி உண்டு, பூசாத சிமெண்ட் மாதிரியும் உண்டு. சிமெண்ட் தரையைச் செலவழித்து மறைத்து, அதன்மேல் சிமெண்ட் மாதிரி ஒன்றை இன்னும் செலவழித்து ஒட்டுவது ஏன் என்பது மெய்யியல் துறையின் வேலை, நாம் ஒதுங்கிக்கொள்வோம். மகள் கைபேசியில் சேர்த்து வைத்த படங்களைக் காட்டுவாள். மகன் மேட்டா கிளாஸியா என்பான். அப்பா சதுர அடி விலையை மட்டும் கேட்பார். கடைக்காரர் குளிர்பானம் வரவழைப்பார். இவ்வளவும் நடந்தபின், அதுவரை முக்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, செருப்பைக் கழற்றி, கால் கட்டைவிரலால் டைல்ஸைத் தேய்த்துப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “அழுக்குத் தெரியுமாப்பா?” (பெரியத்தை, வாய்மொழி.)

அத்துடன் கடை அமைதியாகிவிடும். தமிழ்நாட்டில் அழகியல் என்பது இந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட உரைகளின் தொகுப்பே என்பது நம் கருதுகோள்.

தொன்மை

எந்த ஆய்வும் தன் பொருளை ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் கருத்தரங்கில் தேநீர்கூடத் தரமாட்டார்கள். ஆத்தங்குடிக் கல்லை வைத்து முயன்று பார்த்தோம். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சின் கட்டங்களுக்குள் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளையே கிடையாது. கடைசியில் கண்ணாடி கழன்றுகொள்ளும். அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறுவதும் இதன் குணம்.

எல்லாம் சரி. ஆனால் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் என்ற லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். சிமெண்டில் வார்க்கும் கல் சிமெண்டுக்கு மூத்ததாக இருக்க வழியில்லை. நம் அறிஞர்களை இதெல்லாம் தடுத்ததில்லை. ஆஸ்ப்டினின் பாட்டி காரைக்குடிக்காரர் என்று ஒரே ஒரு கட்டுரை வந்தால் போதும். அடுத்த ஆண்டு அதை நாற்பது பேர் மேற்கோள் காட்டிவிடுவார்கள்.

செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு இன்னொரு சான்று. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் எல்லாம் சேரும் கலவை அது. பளிங்கு போல மினுங்கும். அதன்மேல் யாரும் கைவைக்கத் துணியாததால் அழுக்கு என்ற சிக்கலே எழவில்லை. செலவு மட்டும் எழுந்தது.

திணைப் பாகுபாடு

எதையும் ஐந்தாகப் பிரித்தால்தான் ஆய்வு நிற்கும். அழுக்கு ஊருக்கு ஊர் நிறம் மாறுவதால், தரை அந்தந்த மண்ணின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது கோட்பாட்டின் முதல் விதி. செம்மண் ஊர்களுக்கு ரெட் ஆக்சைடு தரை பொருந்தும். புழுதி வந்து படிந்தாலும் உறவினர் வந்ததுபோல் கலந்துவிடும். கரிசல் நிலத்துக்குக் கறுப்பு கிரானைட் என்று வகுத்தோம். ஆனால் கறுப்புத் தரையில் ஈரக்கால் தடமும் முகப்பவுடரும் வெள்ளையாகத் தெரியும் என்று ஒரு மறுப்பு வந்தது (கோவில்பட்டிச் சித்தி, கிரகப்பிரவேசப் பந்தி, மூன்றாம் இலை, ரசத்துக்கு முன்). மறுப்பாளர் மூத்தவர் என்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மருதத்துக்கு வண்டல் நிறம். நெய்தலில் எதைப் போட்டாலும் காலோடு மணல் வரும். குறிஞ்சியும் முல்லையும் திரிந்தால் பாலை என்பார்கள். எஸ்டிமேட் திரிந்தாலும் பாலைதான். கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் பாதிக் கட்டடம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

மதுரைப் பக்கம் வெட்டிய கிரானைட் ஒன்றுக்கு வியாபாரத்தில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்று பெயர். அதை எந்தத் திணையில் வைப்பது என்று நெறியாளரைக் கேட்டோம். ‘புறத்திணை’ என்று சொல்லிவிட்டு வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்விட்டார்.

மொசைக்: தனி இயல்

கோட்பாட்டின் உச்சம் மொசைக் தரை. பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டோடு கலந்து பரப்பி, இறுகியபின் மிஷின் விட்டுத் தேய்த்து, ஆக்சாலிக் ஆசிட் போட்டுப் பளபளப்பு ஏற்றிய தரை. கட்டிய அன்றே எல்லா நிற அழுக்கையும் முன்கூட்டியே உள்ளே பதித்து வைத்துக்கொள்வதால், பிறகு விழும் அழுக்கு புதியது என்று யாராலும் நிறுவ முடியாது. கடுகு கொட்டினால் கடுகு நிறச் சில்லு இருக்கும். சோறு சிந்தினால் வெள்ளைச் சில்லு இருக்கும். இத்தரையில் எறும்பு ஊர்ந்தால்தான் அது எறும்பு, நின்றால் சில்லு.

ஆனால் அழுக்கை மறைக்கும் தரை அழுக்கை மட்டும் மறைப்பதில்லை. அம்மாவின் தோட்டுத் திருகு ஒருநாள் மாலை இத்தரையில் விழுந்தது. விழுந்த சத்தம் எல்லார் காதிலும் கேட்டது. உருண்ட திசையில் மட்டும் ஒற்றுமை இல்லை. ‘யாரும் நடக்காதீங்க’ என்ற ஆணையில் அவரவர் நின்ற இடத்தில் சிலையானோம். பக்கத்து வீட்டு மாமி டார்ச் லைட்டைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடிக்கச் சொன்னார்: வெளிச்சம் சாய்வாக ஓடினால் சில்லுக்கு நிழல் விழாது, திருகுக்கு விழும். அந்த ஒரு வரி, இந்த ஆய்வேடு முழுவதையும்விடக் கனமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பீரோவின் அடியைத் துழாவி, கூட்டிய குப்பையை மாவுச் சல்லடையில் சலித்தார்கள். கிடைத்தவை: ஒரு பொட்டு, இரண்டு பல்பக் குச்சி, போன வருஷத்து உளுந்து. திருகு இல்லை.

திருகு எங்கே போனது என்பதில் மூன்று கொள்கைகள் உள்ளன. சாக்கடையில் என்பது ஒன்று. வேலைக்காரியை ஐயுறுவது இரண்டாவது. அது எல்லா வீட்டிலும் முதலில் வரும் கொள்கை, எல்லா வீட்டிலும் வெட்கப்பட வேண்டியதும் அதுவே. அது விழவேயில்லை, அம்மா கழற்றி எங்கோ வைத்து மறந்துவிட்டார் என்பது மூன்றாவது (அப்பா கூற்று, அம்மா பிரதியில் இவ்வடி இல்லை, பிற்காலத்தில் மருமகன் ஒருவர் செய்த இடைச்செருகல் என்பாரும் உளர், அதை மறுத்து இரவு பத்து மணிக்கு எழுந்த வாய்மொழி உரையும், இரண்டுக்கும் சமாதானமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பிய கட்டைவிரலும் ஒப்புநோக்கத்தக்கன).

ஏனையவை

வெள்ளை விட்ரிஃபைடு: ஒற்றைத் தலைமுடி கேட்டிலிருந்தே தெரியும், மாப்பு நிரந்தரக் குடும்ப உறுப்பினர்.

கிரவுட்: வெள்ளை டைல்ஸுக்கு வெள்ளையாகவே வாங்கப்பட்டு, ஆறே மாதத்தில் தானாகக் கோட்பாட்டுக்கு உட்படும்.

சமையலறைச் சுவரின் ஹைலைட்டர் டைல்ஸ்: சாம்பார் மட்டுமே வைக்கும் வீட்டில் ஒயின் கிளாஸும் திராட்சைக் குலையும் வரைந்திருப்பது ஏன் என்று கேட்டதற்கு, ‘அந்த டிசைன்தான் ஸ்டாக்ல இருந்துச்சு’ என்ற விடை எல்லாக் கடையிலும் ஒன்றுபோல் கிடைத்தது. சமூகவியலார் இதற்கு உலகமயமாதல் என்று பெயர் வைத்துள்ளனர்.

ஃபால்ஸ் சீலிங்: தரை அன்று.

வாய்மொழித் தேர்வு

புறத்தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். மேற்கோள்கள் போதவில்லை என்றார். இரண்டாம் இயலில் ஒற்று மிகுமா மிகாதா என்று துறைத்தலைவருடன் முக்கால் மணி நேரம் விவாதித்தார். கோட்பாட்டைப் பற்றி ஏதும் கேட்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடியவர், குரலைத் தாழ்த்தி, தம் மகளுக்கு மேடவாக்கத்தில் வீடு தளமட்டத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னார். பேத்திக்கு ஒன்றரை வயது. கையில் ஸ்கெட்ச் பேனாவோடுதான் அலைகிறாளாம். “அதான் தம்பி, நீங்க நிறைய அலைஞ்சிருக்கீங்களே... எதுல அழுக்குத் தெரியாது?”