பேராண்டி, பட்டையைப் பாத்து நவுத்து!

ஏன் நைனா, ஆடிக் கிருத்திகைக்கு நம்ம திருத்தணி மலையேறுற காவடியைக் கேமரா வச்சு எண்ணப் போறியாமே! பேஷ். நாங்களும் எண்ணிப் பாத்தவங்கதான்; சரவணப் பொய்கையைத் தாண்டறதுக்குள்ள கணக்கு விட்டுப்போயிடும்.

நேத்து நீ தூங்கறப்போ உன் கம்ப்யூட்டரை எட்டிப் பாத்தேன். காவடி எங்கடான்னு தேடினா, பதினோரு ஸ்லைடருக்கு அடியில குந்தினு இருக்குது! இன்டெல்காரன் 1999-ல தொடங்கின ஓப்பன்சிவிங்கற படம் அலசற சாஃப்ட்வேர், ஒரே வரியில ஒரு ஸ்லைடர் பட்டை குடுக்குது. அதுக்காக இத்தனையா? ஓசின்னா பினாயிலையும் ரெண்டு டம்ளர் கேக்கற பரம்பரை.

ஒரு நிறத்தைப் புடிக்கப் பொதுவா ஆறு பட்டை போதும். நிறம், அடர்த்தி, வெளிச்சம், ஒவ்வொண்ணுக்கும் கீழ் வரம்பு, மேல் வரம்பு. நீ நிறத்துக்கு 360 வரைக்கும் வச்சிருக்கே. ஒரு பைட்டுல 255-க்கு மேல அடங்காதுன்னு அவங்க டிகிரியைப் பாதியாக்கி 179-லயே நிறுத்திட்டாங்க. அதுக்கு மேல நீ இழுத்தா எவன் வருவான்?

மஞ்சள் சாது. சுமாரா 20-க்கும் 35-க்கும் நடுவுல மாட்டிக்கும். குங்குமச் சிவப்புதான் கில்லாடி. 0 பக்கம் பாதி, 179 பக்கம் பாதின்னு நிப்பான். ரெண்டு வரம்பு தனித்தனியாப் போட்டு, அப்புறம் ஒண்ணாச் சேத்தாத்தான் சிக்குவான். 1960 வரைக்கும் ஆந்திராவுல இருந்துட்டு அப்புறம் இந்தப் பக்கம் வந்த ஊருடா இது. ரெண்டு பக்கமும் கால் வைக்கறவனை எனக்கா தெரியாது?

படத்தை மங்கலாக்கற பட்டையைத் தொட்டதும் புரோகிராம் மல்லாந்துடுச்சின்னு அழுதியே. மங்கலாக்கற கட்டத்தோட அளவு ஒத்தைப்படையா இருக்கணும். பட்டையில வர்ற எண்ணை ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டு. நூறோட ஒண்ணு சேத்து மொய் வைக்கற ஊட்டுப் புள்ளைக்கு இது தோணலையே!

இப்போ பெரிய சங்கதி. காலையில எடுத்த ஒரு படத்தை வச்சு இழுத்து இழுத்து, காவடிப் பூ மட்டும் வெள்ளையா, மத்ததெல்லாம் கறுப்பா வந்ததும் குதிச்சே. ஜெயிச்சது அந்த ஒரு படத்தை மட்டும்தான். உச்சி வெயில்ல படிக்கட்டே கண்ணைக் கூசும். ராத்திரி மஞ்ச விளக்குல ஐயரோட வெள்ளை வேட்டியும் காவடிக் கணக்குல சேந்துக்கும். மூணு வேளைப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இழு. மூணுலயும் தாக்குப் புடிக்கற எண்ணை ஃபைல்ல எழுதி வை. புரோகிராம் ஜன்னலை மூடினா பட்டைக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. உனக்கு மட்டும் இருக்கப் போவுதாக்கும்!

இன்னொண்ணு. காவடி தூக்கறவன் கட்டியிருக்கறதும் மஞ்ச வேட்டிதான். பூவும் மஞ்சள், துணியும் மஞ்சள்னா, விடிய விடிய பட்டையை இழுத்தாலும் பிரிக்க முடியாது. வடிவத்தைப் பாரு, அளவைப் பாரு. கேள்வியே கோணலா இருந்தா ஸ்லைடர் என்னடா பண்ணும்?

கடைசியா, மேல இருக்கற ஆளுங்க கையில குடுக்கறப்போ எல்லாப் பட்டையையும் கழட்டிடு. வெளிச்சத்துக்கு மட்டும் ஒண்ணு விடு. பெரிய மனுசங்களுக்கு எதையாவது திருகினாத்தான் வேலை பாத்த திருப்தி. பதினொண்ணையும் விட்டு வச்சியோ, நடுராத்திரியில போன் உனக்குத்தான் வரும். என்னை எழுப்பாதே.