‘ஆக்சுவலா’: ஒரு சொல்லாராய்ச்சி

களத் தேர்வு

இவ்வாய்வுக்கு மணமேல்குடி வட்டத்துக் கடலோர ஊரான கட்டுமாவடியைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். அலை அடங்கியே கிடக்கும். ஆகவே மனிதர் பேசுவது பழுதில்லாமல் காதில் விழும். அப்படி விழுந்தவற்றுள் தலையாயது ‘ஆக்சுவலா’.

இலக்கணம்

‘ஆக்சுவலி’ என்ற ஆங்கில வினையடையின் வாலை நறுக்கிவிட்டு, ‘ஆக’ என்பதன் குறுக்கமான ‘ஆ’வை ஒட்டிக்கொண்டது தமிழ். ஆல்ரெடியும் டெய்லியும் இந்த அறுவைக்குத் தப்பின. வேர், செயலைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதே வேரிலிருந்து பிரெஞ்சுக்காரர் ‘தற்போது’ என்ற பொருளை எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயர் ‘உண்மையில்’ என்றனர். மணமேல்குடி வட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது என்ன மிஞ்சியது?

தொல்காப்பியர் வகுத்த நால்வகைச் சொல்லில் இது திசைச்சொல். பொருளற்ற அசைநிலை என்று புலவர் சிலர் தள்ளக்கூடும். ஏற்பதற்கில்லை. பொருள் உண்டு, அது சொல்லுக்கு நேர் எதிரே நிற்கிறது.

சான்றுகள்

டீக்கடையில் கைமாற்றைத் திருப்பிக் கேளுங்கள். “ஆக்சுவலா, நானே உங்களப் பாக்க வரணும்னு இருந்தேண்ணே” என்றால் இன்று பணமில்லை. பேருந்தில் போனைக் காதில் வைத்து, “ஆக்சுவலா கிட்ட வந்துட்டேன் மாமா” என்பவர் பேராவூரணியையே தாண்டியிருக்க மாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஐஸ் மீன் பெருகும். கூடவே சொல்லும் பெருகும். தெருவில் கூடை இறக்கியவர் சொல்கிறார்: “ஆக்சுவலா இது காலைல பட்ட மீனு தம்பி.”

எதிர்ச்சான்று

மீன் ஏலத்தில் மட்டும் இச்சொல்லைக் காணோம். நண்டும் கணவாயும் கண்ணெதிரே குவிந்து கிடக்கின்றன. ஏலம் விடுபவர் தொகையைக் கூவுகிறார், எடுப்பவர் தலையசைக்கிறார். உண்மை தரையிலேயே கிடப்பதால் அதை வாயால் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

முடிபு

எனவே ‘ஆக்சுவலா’ என்பது மீனின் செவுளை மறைத்திருக்கும் விரல். விவரம் தெரிந்தவர் யாரும் “நல்ல மீனா?” என்று கேட்டு வாங்குவதில்லை, செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்குவார். இச்சொல் காதில் விழுந்தால் நீங்களும் பேச்சை நிறுத்திவிட்டுச் செவுளைத் தூக்கிப் பாருங்கள்.