17 சதத்துக்கு ஒரு பூமி

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நாளைக்கு 17 சதம். காருக்கு 1 ரூபா 78 சதம். பூமி சூடேறாமல் காக்க இலங்கைக் குடிமகன் கொடுக்கவேண்டிய விலை இவ்வளவுதான் என்று 2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். 2019 ஜனவரி முதலாந் திகதி காபன் வரி நடைமுறைக்கு வந்தது. பனிமலைகள் வெட்கப்பட்டாவது உருகுவதை நிறுத்தியிருக்க வேண்டும்; ஏனோ நிறுத்தவில்லை.

எப்படி நிறுத்தும்? வாகனத்தின் வயது, எஞ்சின் அளவு, எரிபொருள் வகை பார்த்து, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது கறந்துகொள்வதுதான் ஏற்பாடு. எரித்த பெற்றோலை யாரும் அளக்கவில்லை. பருத்தித்துறையிலிருந்து தினமும் யாழ்ப்பாணம் ஓடுகிறவனுக்கும், கொட்டிலுக்குள் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறவனுக்கும் ஒரே வரி. புதுசு வாங்க வக்கில்லாமல் பழசை உருட்டுகிறவனுக்கு மட்டும் கூடுதல் தண்டம். சுற்றுச்சூழலின் முதல் எதிரி வறுமைதான் என்று அன்றுதான் அறிந்துகொண்டோம்.

புகைபோக்கி வைத்திருந்தவர்களுக்கோ ஒரு குறையும் இல்லை. வரி வாகனங்களுக்கு மட்டும்தானே! நுரைச்சோலையில் 900 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரியலாம். சுன்னாகத்தில் உத்துரு ஜனனி மின்நிலையம் கன எண்ணெய் குடிக்கலாம். காபன் வரிக்காரர் கண்ணில் படாது. அதே சுன்னாகத்தில் கிணற்று வாளியைத் தூக்கினால் தண்ணீருக்கு மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. அதற்காக, அங்கே மின்னுற்பத்தி செய்த நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 2019இல்தான். அதுவும் அரசு தட்டிக் கேட்டு அல்ல. சுற்றுச்சூழல் ஆர்வலர் அடிப்படை உரிமை மனுப் போட்டு.

யாழ் குடாநாட்டாருக்குக் காபன் குறைப்பில் வகுப்பெடுக்க வந்த துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆட்சியாளர்களே, 1990களின் போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை போட்டுப் பெற்றோலை நிறுத்தினீர்கள், மின்சாரமும் போயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தன. சில சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை உசுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். நோயாளியும் நெல்மூட்டையும் விறகும் சைக்கிளில் போயின. எந்த நிபுணரும் கனவிலும் காணாத காபன் குறைப்பு அது. ஒருவரும் பதக்கம் தரவில்லை, குண்டுதான் தந்தார்கள்.

2020 பிறந்ததும் புதிய அரசு வரியைத் தூக்கி எறிந்தது. பூமி ஒரே வருடத்தில் குணமாகிவிட்டது போலும். பிறகு 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் பாய்ந்தது. அதற்குக் காபன் வரி என்று பெயரில்லை. ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய வள்ளக்காரனிடமும் குப்பி விளக்குக்காரியிடமும் புகை குறைந்திருக்கும், நிச்சயம். வயிறு எரிந்த புகையைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் சொந்தங்களைக் கேளுங்கள். கனடா எரிபொருளில் காபன் விலை வைத்த காலத்தில், அறவிட்டதில் பெரும்பங்கைக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் திருப்பிப் போட்டது. 2025 ஏப்ரலில் வீட்டுக்காரரை விட்டபோதும் பெருந்தொழிற்சாலைகளை விடவில்லை. இங்கே நடந்தது நேர் எதிர்: தொழிற்சாலைக்குச் சலாம், மோட்டார் சைக்கிள்காரனுக்குச் சட்டம்.

வரி வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. புகைபோக்கியில் தொடங்குங்கள். வசூலித்ததை நேரத்துக்கு வரும் பஸ்ஸாகத் திருப்பித் தாருங்கள். அதுவரை எங்களிடம் கை நீட்டாதீர்கள்; எங்கள் பங்கை இருட்டில் இருந்து முற்பணமாகவே கட்டியாயிற்று.