மழைநீருக்கு வழி

கேள்வி: பெருமுக்கல் பக்கம் மனைப்பிரிவு போடுகிறேன். மழைநீரை ஏரி வாய்க்காலில் விட யாரிடம் அனுமதி வாங்கணும்?

பதில்: வாய்க்கால் நீர்வளத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று முதலில் பாருங்கள், உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மனைப்பிரிவு ஒப்புதலை நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) தரும். ஆனால் தண்ணீருக்கு முத்திரை தெரியாது, பள்ளம்தான் தெரியும்! 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் கொட்டியது சுமார் 50 செ.மீ. மழை. அப்படிப்பட்ட வெள்ளத்தில் வாய்க்கால் எவ்வளவு உயரம் ஏறும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். உங்கள் வடிகால் அதற்குக் கீழே இருந்தால், வாய்க்கால் தண்ணீர் உங்கள் மனைக்குத்தான் குடிவரும். 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பையும் ஒழுங்காகச் செய்யுங்கள். வாய்க்காலுக்குப் பாரம் குறையும்.