இருநூறு கொடுத்து நூறு வாங்கிய கதை

எங்கள் தோட்டத்தில் ஒருவன் பைக் மாற்றப் போகிறான் என்று தெரிந்தால், பெண் பார்க்கப் போகிற வீட்டில் கூடுகிற அளவுக்கு ஆள் கூடிவிடும். பெண் விஷயத்திலாவது மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்பார்கள். பைக் விஷயத்தில் அந்த மரியாதையும் கிடையாது.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குப் போகிற ஏ18 வீதியில், மாதம்பைச் சந்தியில் திரும்பினால் இறக்குவானை. அந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். மேலே தேயிலை, கீழே இறப்பர், அதற்கும் கீழே வயல் என்று ஒன்று இருந்தால் அதற்குள் மாணிக்கக் குழி. இங்கே யார் எந்தப் பைக்கில் வருவார் என்பது எழுதாத சட்டம். தபால்காரர் எம்டி 90இல் வருவார். தோட்டத்துக் கண்டக்டர் ஐயா சிடி 100இல் வருவார். குழியில் நல்ல கல் பட்டவன் அடுத்த கிழமையே, சைலன்சர் வானத்தைப் பார்க்கிற ஏதாவது ஒன்றில் வருவான். கல் பட்டதை ஆள் வாய் திறந்து சொல்ல மாட்டான். பைக் சொல்லிவிடும்.

என்னிடம் இருந்தது 200 சிசி. கம்பனி வைத்த பெயர் வேறு. லயத்தில் அதற்குப் பெயர் ‘இருநூறு’. கணக்கு வாத்தியாருக்கும் அந்தப் பைக்குக்கும் என்ன பொருத்தம் என்று கேட்காதவர் இல்லை. சித்தப்பா மகன் 2019 கடைசியில் கட்டாருக்குப் போகும்போது, “அண்ணே, மிச்ச லீசிங்கக் கட்டிட்டு நீங்களே ஓடுங்க” என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனான். அவன் தோகாவில் ஏசி பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தான். நான் இங்கே இரண்டாம் கியரில் பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

எங்கள் ரோட்டுக்கு அதுதான் கடைசிக் கியர். ஆறு கியர் உள்ள வண்டியில் மேலே இருந்த நாலும் கை படாமல் புத்தம் புதிதாக இருந்தன. கொழுந்து லொறி போவதற்காக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கல் பதித்த ரோடு. அதன் மேல் தேர்தலுக்குத் தேர்தல் ஒரு துண்டு கொங்கிரீட். எந்தத் துண்டு எந்தத் தேர்தலில் விழுந்தது என்று பெரியவர்களைக் கேட்டால், வேட்பாளர் பெயரோடு சொல்வார்கள். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி, நான் ஹெல்மட்டை மாட்டுவதற்காகக் காத்திருந்து பெய்யும். இந்தச் சேற்றுக்கும் அட்டைக்கும் நடுவே, பந்தயத் திடலை மனதில் வைத்துச் செய்த ஒரு வண்டி, முகத்தைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு, ஊர்ந்து போகும்.

அதன் பின் சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன் சீட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், ஒரு கணிதக் கொப்பியை விரித்து வைத்தால் வெளியே தொங்குகிற அகலத்தில் இருந்தது. அதைச் சீட் என்று அழைத்தவருக்குத் தைரியம் அதிகம். சேலை கட்டின மனுஷி அதில் ஏறுவதென்றால் முதலில் வாசல் படியில் ஏற வேண்டும். அம்மா ஒரு தரம் ஏறினார். இறங்கும்போது கேட்டார்: “ஏன்டா, இது உக்கார்றதுக்கா, எட்டிப் பாக்குறதுக்கா?” அதற்குப் பிறகு ஏறவில்லை. மனைவி அதைக்கூடச் சொல்லவில்லை. இறக்குவானைக்குச் சாமான் வாங்கப் போகிற நாளில் அவள் பஸ்ஸில் போவாள், நான் இருநூறில் போவேன், சந்தியில் சந்தித்துக்கொள்வோம். பஸ் முன்னால் போய்விட்டால் எனக்குத் திட்டு. நான் முன்னால் போய்விட்டாலும் எனக்குத்தான் திட்டு.

ஆனாலும் அந்தச் சீட்டால் ஒரு பெரிய நன்மை இருந்தது. யாரும் “சேர், அந்தப் பக்கமா போறீங்க?” என்று கேட்க மாட்டார்கள். இரவலும் கேட்க மாட்டார்கள். அது எவ்வளவு பெரிய செல்வம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இருநூறின் உண்மையான சுபாவம் வெளியே வந்தது 2022இல். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபா. விலை கிடக்கட்டும், கிடைத்தால்தானே. பெற்றோல் செட் வாசலில் தொடங்கின கியூவின் வாலைத் தேடிப் போகவே பெற்றோல் வேண்டியிருந்தது. ஓகஸ்டில் நாடு முழுக்கக் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர். 100 சிசிக்கும் நாலு, 200 சிசிக்கும் நாலு. சமத்துவத்தை இந்த நாட்டில் நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கண்டக்டர் ஐயாவின் சிடி 100 அந்த நாலு லீட்டரில் கிழமை முழுக்க மலை ஏறி இறங்கி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்கும் போகும். இருநூறு நடுக் கிழமையிலேயே படுத்துவிடும். மிச்ச நாளுக்குத் தபால்காரரின் பின்னால், கடிதப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போவேன். “பதிவுத் தபால் ஒன்னு வந்திருக்கு, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்க” என்று அதிபரிடம் என்னைக் காட்டிச் சொல்வது அவருக்கு அந்த மாதங்களில் ஒரு வாடிக்கை.

அப்போதே மாற்றியிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் பொருளாதாரம் குறுக்கே வந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. டொலர் இல்லை. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில், நாட்டுக்குள் கிடந்த ஒவ்வொரு பழைய பைக்குக்கும் வயது ஏற ஏற விலையும் ஏறியது. சாதனத்தில் தேய்மானத்தைக் கழிப்பது எப்படி என்று வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின் வாங்கில் ஒருவன் எழுந்து, “சேர், எங்க மாமா வாங்குன வெலய விடக் கூடத்தானே வித்தாரு?” என்றான். அவனுக்கு முழுப் புள்ளி கொடுத்து உட்கார வைத்தேன். ஆசிரியர் சம்பளத்தில் என்னிடம் இருந்த சொத்துக்களில், சும்மா நின்றபடியே விலை கூடிய ஒரே சொத்து இருநூறுதான். மழையில் நனைய விடாமல் தார்ப்பாய் போட்டு மூடினேன். ஓடினால் மதிப்புக் குறையுமே என்று பல நாள் நடந்தே போனேன்.

2024 கடைசியில், கதவைத் திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பேப்பரில் அடிபட்டது. மனைவி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “வெல எறங்க முந்தி மாத்திருங்க” என்றாள். மத்திய வங்கி இவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

அன்று மாலையே கோயில் படியில் ஆலோசனைக் கூட்டம். எந்தப் பைக் எடுப்பது என்பதில் ஆளுக்கொரு நியாயம். கராஜ் பாஸ் எஞ்சினின் சத்தத்தை மட்டும்தான் நம்புவார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வால்வு, செயின் என்று வியாதியைச் சொல்வார். இளவட்டங்கள் இருநூற்றைம்பது எடுக்கச் சொன்னார்கள். புலுத்தோட்டை வளைவுகளில் சரிந்து போய்ப் படம் எடுப்பதற்கு அவர்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. எட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் இருக்கிற மாமா, போனிலேயே கூட்டத்தில் கலந்துகொண்டார். அவர் விடியற்காலையில் பால் வாளியை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு எம்டி 90இல் போகிறவர். “ஜப்பான்காரன் தபால் குடுக்கச் செஞ்ச சாமான் மாப்ள, சாகாது” என்றார். அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஹொண்டா சுப்பர் கப் 1958இல் வந்தது. எம்டி 90 அந்தக் குடும்பத்துப் பிள்ளை. 2017க்குள் அந்த வகையில் 10 கோடி வண்டி செய்து முடித்துவிட்டார்கள். உலகத்தில் வேறெந்த மோட்டார் வாகனமும் அந்தக் கணக்குக்குக் கிட்ட வரவில்லை. ஆனால் 10 கோடியில் ஒன்றுகூட அந்த வாரம் எங்கள் பக்கம் விலைக்கு இல்லை.

அதுவரை பேசாமல் இருந்த அப்பாயி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “சீட்டு நீட்டா இருக்குமா?” கூட்டம் அத்தோடு கலைந்தது. சிடி 100 என்று முடிவாகிவிட்டது.

இரத்தினபுரி டவுனில் ஒரு பைக் சேல். பெயர் வேண்டாம். சேல்காரர் எங்களைவிட நல்ல தமிழ் பேசுகிறவர். தோட்டத்து ஆட்களோடு வியாபாரம் செய்து பழகிய தமிழ். இருநூறைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடந்தார். கீறல் ஒவ்வொன்றையும் விரலால் தடவி, ‘ப்ச்’ என்றார். பிறகு, “மலையில ஓடின எஞ்சின்தானே சேர், உள்ளுக்கு எல்லாம் தேஞ்சிருக்கும்” என்று விலையில் ஒரு துண்டை வெட்டினார். அடுத்த நிமிஷம் சிடி 100இன் பக்கம் திரும்பி அதன் டேங்கைத் தட்டினார். “இது பாருங்க, மலையில ஓடிப் பழகின எஞ்சின். ஒங்க ரோட்டுக்கு இதுதான் சரி.” இரண்டும் ஒரே மலை. ஒன்றைத் தேய்த்தது, மற்றதைத் தேற்றியிருக்கிறது.

இருநூறின் பதிவுப் புத்தகம் முறையாக என் பெயரில் இருந்தது. அதைக் கேட்டதும் அவர் முகத்தில் கொஞ்சம் வருத்தம். கையெழுத்துப் போட்ட வெறும் படிவங்களோடு மூன்று நான்கு கை மாறி வருகிற ‘ஓப்பன் பேப்பர்’ வண்டிகளைப் பார்த்துப் பழகியவருக்கு, முன்னால் ஒரு சொந்தக்காரன் நேரில் வந்து நிற்பது என்னவோ போல் இருந்திருக்கும். சிடி 100இன் புத்தகமோ ஒரு சரித்திர நூல். எஹலியகொடையில் ஒருவர், குருவிட்டவில் ஒருவர், இரத்தினபுரியில் ஒருவர் என்று ஏ4 வீதியிலேயே ஊர் ஊராக இறங்கி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்திருக்கிறது. 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓபநாயக்கவுக்கும் வந்த சின்ன ரயிலும் அவிசாவளையிலிருந்து இதே பக்கமாகத்தான் வந்தது. அதை 1970களில் கழற்றிவிட்டார்கள். பைக்கை யாரும் தடுக்கவில்லை.

பேரம் முடிந்தபோது கையில் சிடி 100உம், மேலே கொஞ்சம் காசும் இருந்தன. காசு வீட்டுக்கு வந்ததும் கூரைத் தகரமாக மாறிவிட்டது. அந்த மழைக்கு அது மிக நல்ல முதலீடு; நான் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

முதல் நாளே அம்மா ஏறினார். நீட்டுச் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து, “இது வண்டி” என்றார். மனைவி இறக்குவானை வரைக்கும் வந்தாள். என்னைத் திட்டுவதற்குச் சந்தி வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதோடு ஊரும் ஏறத் தொடங்கியது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் முதலில் வந்தது, அதன் சொந்தக்காரர் பின்னால் வந்தார். தேங்காய் மூட்டை, கோயில் மணியைப் பழுது பார்க்கக் கொண்டு போனது, கிளினிக்குக்குப் போகிற பாட்டிமார், கோழி. பிள்ளைகள் ஒன்றுக்கு மேல் ஏறினால் டேங்க் மேல் ஒன்று, பொலிஸ் நிற்கிற இடத்துக்கு ஒரு வளைவு முன்னால் இறங்கி நடப்பது என்ற ஏற்பாடும் அவர்களாகவே செய்துகொண்டார்கள். அடுத்த லயத்துத் தம்பி இரவல் கேட்கும்போது, “சேர், பைக் சும்மாதானே நிக்குது” என்றான். இருநூறும் ஐந்து வருடம் சும்மாதான் நின்றது. அதை யாரும் கண்டுகொண்டதில்லை.

பெற்றோல் செலவு பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதிக்கு ஊருக்காக ஓடித் தீர்த்தேன்.

பள்ளிக்கூடத்தில்தான் நான் எதிர்பார்க்காத மாற்றம். இருநூறு கீழ் வளைவில் வரும்போதே அதன் சத்தம் மேல் மலைக்குக் கேட்கும். நான் வண்டியை நிறுத்தி, ஹெல்மட்டைக் கழற்றி, வகுப்புக்குள் நுழையும்போது முப்பது பிள்ளைகளும் கொப்பியைத் திறந்து வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருப்பதைப் போல இருப்பார்கள். எனக்கு நல்ல வகுப்பு அமைந்திருக்கிறது என்று ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். சிடி 100 பூனை மாதிரி வரும். முதல் நாள் நான் உள்ளே போனபோது மேசை மேல் ஒரு கிரிக்கெட் ஆட்டம் கடைசி ஓவரில் இருந்தது. என் குரலில் ஒருவன் பாடம் நடத்திக்கொண்டிருந்தான், நன்றாகவும் நடத்தினான். பக்கத்து வகுப்பு ஆசிரியை, “உங்க பழைய பைக்கயே வச்சிருந்திருக்கலாம் சேர், எங்க வகுப்பும் அமைதியா இருந்துச்சு” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இருநூறை வாங்கியது கஹவத்தைப் பக்கத்துப் பையன் ஒருவன். குழியில் கல் பட்டவன். அதை அவன் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்து ரோட்டில் அவனுக்கு என்ன வேலை என்று கீழ் லயத்தில் ஒரு வீட்டில் கேட்டால் தெரியும் என்கிறார்கள். எனக்கெதற்கு அந்த வம்பு. ஆனால் வாரத்தில் சில நாள் வருகிறான், போகிறான்.

போன மாதம் எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் சந்தை இரைச்சல். கீழ் வளைவில் இருநூறின் சத்தம் கேட்டது. இரைச்சல் பட்டென்று நின்றது. கொப்பிகள் திறபட்டன. திரும்பிப் பார்த்தால் முப்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்புத் தலைவன் எழுந்து, எனக்குப் பக்கத்தால் நடந்து போய், வாசலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “டேய், சேர் வாறாரு!”