ஆறு பட்டனும் ஒரு இடது காலும்

கோவை கவுண்டம்பாளையத்தில் ஒரு பட்டறை. லிஃப்டில் ஏறி நிற்கிறது 2.5 லிட்டர் டீசல் வி-கிராஸ் பிக்கப். பம்பர், விஞ்ச், ஸ்நார்க்கல், 33 அங்குல டயர், பின் கண்ணாடியில் சீறும் சிங்கம் என எல்லாம் இருக்கிறது. கிளட்ச் மட்டும் இல்லை. கியர்பாக்ஸ் கீழே இறங்கிக் கிடக்க, பழைய பிளேட் மேஸ்திரி மாணிக்கத்தின் கையில். வண்டிக்காரர் நவீன் கையில் ஃபோன்.

நவீன்: அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கம்பெனி கொடுத்த டார்க் 320 நியூட்டன் மீட்டர். ரீமேப் பண்ணி இப்ப 400. அதனால 800 தாங்கற மாதிரி செராமிக் போடுங்க, ஆறு பட்டன் வெச்சது. ரேஸ்காரங்க எல்லாம் அதான் போடறாங்க. பணம் ஒரு பிரச்சினையே இல்ல.

மாணிக்கம்: பணம் பிரச்சினையில்லைன்னு சொல்றவங்க வண்டிதான் தம்பி திரும்பத் திரும்ப லிஃப்ட் ஏறுது. முதல்ல இந்த பிளேட்டைப் பாருங்க. ஃபேசிங் கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னுது, ரிவிட் தலைக்கு மேல அரை மில்லிமீட்டர்கூட மிச்சமில்ல. ஃபிளைவீல்ல அங்கங்க நீலமா திட்டு விழுந்திருக்கு, அது சூடு போட்ட முத்திரை. இனி கணக்குக்கு வாங்க. கிளட்ச் தாங்கற டார்க்குங்கறது நாலே விஷயந்தான்: உராய்வு எவ்வளவு, பிரஷர் பிளேட் எவ்வளவு அமுக்குது, பிளேட்டோட சராசரி ஆரம் எவ்வளவு, உரசற முகம் எத்தனை. நாலையும் பெருக்கினாப் போதும். கணக்குக்குச் சுலபமா உராய்வு 0.3, அமுக்கம் 7,000 நியூட்டன், ஆரம் பத்து சென்டிமீட்டர், முகம் ரெண்டுன்னு வெச்சுக்கங்க. 420 வருது. கம்பெனி 320-க்கு இப்படித்தான் கொஞ்சம் மிச்சம் வெச்சுக் கொடுப்பாங்க. நீங்க 400-க்கு ஏத்துனதும் அந்த மிச்சம் போச்சு. மலையேறி சூடாகி உராய்வு 0.25-க்கு இறங்கினா கையில இருக்கறது 350. என்ஜின் கேக்கறது 400. நாலாவது கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு ஏறும், வண்டி வேகம் ஏறாது. சிலிப்புங்கறது அவ்வளவுதான்.

(சாக்பீஸால் கியர்பாக்ஸ் கூட்டின் மீதே கணக்குப் போட்டுவிட்டார். அதே டார்க்கை ரீமேப் செய்தவர் வண்ண அச்சில், கையெழுத்தோடு, கோப்பில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அதில் கிளட்ச் என்ற சொல்லே இல்லை.)

நவீன்: அதைத்தானேண்ணா நானும் சொல்றேன்! 420 பத்தலை, 800 போடுங்க. பெருசா இருந்தா பத்திரந்தானே?

மாணிக்கம்: வீட்டுல ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு தடிமனா கம்பி கட்டறவங்க இருக்காங்க. அப்புறம் ஃபியூஸ் போறதில்ல, வயரிங்தான் போகுது. சேத்துல சுத்திக்கிட்டிருக்கற டயர் திடீர்னு பாறையைக் கவ்வும்போது அந்த அடி எங்கயாவது போய்த்தான் ஆகணும். கொஞ்சம் வழுக்கற கிளட்ச் அதை வாங்கிக்கும். வழுக்கவே மாட்டேங்கற கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் யு ஜாயின்ட்டுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் அனுப்பி வெச்சிடும். இன்னொண்ணு, 800 சும்மா வராது. செராமிக் போட்டு உராய்வை 0.4 ஆக்கினாலும் 10,000 நியூட்டன் அமுக்கம் வேணும். இப்ப இருக்கறதைவிட நாப்பது சதவீதத்துக்கு மேல. டயாஃப்ரம் அமைப்பு மாறலைன்னா பெடலும் அதே அளவுக்குக் கனக்கும். ரிலீஸ் பேரிங், சிலிண்டர் சீல், கிராங்க்கோட த்ரஸ்ட் வாஷர் எல்லாம் அந்தச் சுமையில பங்கு வாங்கும். மீதி உங்க முழங்காலுக்கு. அவிநாசி ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்க, நியூட்டனை நேர்லயே சந்திக்கலாம்.

நவீன்: ஆனா சூட்டைத் தாங்கறது செராமிக்தான்ணா. அதை நீங்களே மறுக்க முடியாது.

மாணிக்கம்: எதுக்கு மறுக்கணும்? அது நெசந்தான். அதனாலதான் டிராக்டர்லயும் பெரிய லாரியிலயும் போடறாங்க. உழவுல ஒரு தடவை கிளட்சை விட்டா, வரப்பு வந்து சேர்ற வரைக்கும் விட்டதுதான். ரேஸ்ல ஸ்டார்ட் எடுத்தா முடிஞ்சது. உங்களுக்கு அப்படியா? நூறு தடவை ஹாஃப் கிளட்ச். செராமிக்குக்கு அந்தப் பாதிங்கறதே தெரியாது. ஒண்ணு விட்டிருக்கும், இல்லைன்னா கவ்வியிருக்கும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவுல ரிவர்ஸ் எடுத்தா வண்டி கும்மி அடிக்கும், ஜடர். ஃபிளைவீல் முகத்தையும் அது சீக்கிரம் அரிச்சுடும். சூடு வருதுன்னு அதைத் தாங்கற பிளேட்டைத் தேடறீங்க. அந்தச் சூடு எங்கிருந்து வருதுன்னு மட்டும் கேக்க மாட்டேங்கறீங்க.

நவீன்: ரீமேப்லருந்துதானே?

மாணிக்கம்: பாதிதான். டாப் கியர்ல வழுக்கறது ரீமேப்பால. கிளம்பும்போது எரியறது டயரால. பழைய டயர் சுமார் 30 அங்குலம், இப்ப 33. அதாவது ஃபர்ஸ்ட் கியர் பத்து சதவீதம் நீண்டுபோச்சு. அதே ஆர்பிஎம்ல கிளட்ச் முழுசாப் பிடிக்கறப்போ வண்டி பத்து சதவீதம் கூடுதல் வேகத்துல இருக்கணும். அதுவரைக்கும் வழுக்கிக்கிட்டே கொண்டுபோறது பிளேட். சூடு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால பத்து இல்ல, இருபத்தொண்ணு சதவீதம். இதுல விஞ்சும் பம்பரும் கூட்டின எடையை நான் சேர்க்கவேயில்ல. வால்பாறை போறப்போ நாப்பது கொண்டை ஊசி வளைவுலயும் இந்தக் கணக்கு நடக்கும். இதுக்கு 800 எழுதின பெட்டி என்ன செய்யும்? வழுக்கல் நேரத்தைக் குறைக்கறது டிஃபரன்ஷியல் ரேஷியோ, இல்லைன்னா சின்ன டயர், இல்லைன்னா லோ ரேஞ்ச். உங்க வண்டியில 4எல்-னு ஒரு இடம் இருக்கே, குமிழை அதுக்குத் திருப்பியிருக்கீங்களா?

நவீன்: ...ஃபோட்டோ எடுக்கறப்போ.

(இங்கே நவீனுக்காகக் கொஞ்சம் பரிந்து பேசவேண்டும். டார்க்குக்கு ஒரு எண் உண்டு, அச்சடித்துக் காட்டலாம். ஹாஃப் கிளட்ச்சுக்கு எண் இல்லை. எண் இல்லாததை யாரும் விற்பதில்லை, அதனால் யாரும் கேட்பதுமில்லை.)

நவீன்: சரி, ரெண்டு பிளேட் கிளட்ச்? முகம் நாலாகுதே, பெடலும் கனக்காது.

மாணிக்கம்: கணக்கு சரிதான். ஆனா அதுக்குக் கூட்டுக்குள்ள இடம் வேணும், நியூட்ரல்ல கடகடன்னு சத்தம் வரும், விலை உங்களுக்கே வலிக்கும். 400-க்கு அது வேண்டாம்.

நவீன்: அப்ப பழைய பிளேட்டுக்கே புது ஃபேசிங் ரிவிட் அடிச்சுடுங்க. செலவும் கம்மி.

மாணிக்கம்: இப்பத்தான் பணம் பிரச்சினையில்லைன்னீங்க! ஃபேசிங் புதுசாகும் தம்பி, உள்ள இருக்கற டேம்பர் ஸ்பிரிங் புதுசாகுமா? அது ரெண்டு வருஷமா 400 நியூட்டன் மீட்டர்ல அடி வாங்கிக் களைச்சுப்போயிருக்கு. கியர்பாக்ஸ் இறக்கற கூலிதான் பெரிய செலவு, அதை ஒரு தடவைதான் கொடுக்கணும். நான் சொல்றது இது: சாதா ஆர்கானிக் பிளேட், அதே சைஸ். பிரஷர் பிளேட் மட்டும் 9,000 நியூட்டன். பெருக்குங்க, 540 வருது. 400-க்கு முப்பத்தஞ்சு சதவீதம் மிச்சம், சூடாகி 0.25-க்கு இறங்கினாலும் 450. பெடல் கனக்கும், ஆனா மிதிக்கலாம். ஃபிளைவீலை லேத்துல கொடுத்து முகம் எடுக்கணும், திட்டு போகலைன்னா மாத்தணும். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் ரெண்டும் புதுசு. பின் ஆயில் சீல் கசியுதான்னு பாக்கணும், ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் 540-ம் வெறும் காகிதம். ரீமேப்காரர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. 400 முழுசையும் 1,800 ஆர்பிஎம்லயே கொட்டாம 2,200 வரைக்கும் பிரிச்சு ஏத்தச் சொல்லுங்க. ஆர்.சி.யில இருக்கற விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. அதை நான் கேக்கல, கேக்கறவங்க ரோட்டுல நிப்பாங்க.

நவீன்: 540-தானா? குரூப்ல ஒருத்தன் 900 போட்டிருக்கான்ணா.

மாணிக்கம்: அவர் வண்டி இப்ப எங்க இருக்கு?

நவீன்: ...கியர்பாக்ஸுக்கு ஆர்டர் போட்டிருக்கான்.

மாணிக்கம்: நல்ல கிளட்ச்தான், வழுக்கியிருக்காது.

நவீன்: சரிண்ணா, ஆர்கானிக்கே போடுங்க. சனிக்கிழமை வண்டி வந்தா ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம்.

மாணிக்கம்: போக முடியாது. புது ஃபேசிங் ஃபிளைவீலோட ஒட்டிப் பழகணும். ஒரு 800 கிலோமீட்டர் ஊருக்குள்ள சாதாரணமா, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்காம ஓட்டணும்.

நவீன்: எண்ணூறா? மெதுவாவா? பின்னாடி சிங்கம் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டா?

மாணிக்கம்: நீங்க கேட்ட 800 தான் தம்பி. இடம்தான் மாறியிருக்கு.