மாணவர் பைலட் தயாரிப்பு: வடசென்னைப் பிரிவு

தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு வெள்ளோட்டமாக எடுக்கப்படும் முதல் எபிசோடு பைலட் எனப்படும். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பின் இறுதியாண்டில் இது ஒரு பாடம். ஒன்லைன், திரைக்கதை, அனுமதி, படப்பிடிப்பு, எடிட்டிங், வைவா (வாய்மொழித் தேர்வு) என்ற வரிசையில் நடைபெறும். அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக மிஞ்சுகிற 22 நிமிடம் இதன் நீளம். சென்னைக்குத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. சன் டிவி 1993இல் வந்தது. இவற்றில் 13 வாரத்தில் முடிந்த தொடர்களும் உண்டு, பார்ப்பவர்களுக்குப் பேரன் பிறந்த பிறகும் முடியாத தொடர்களும் உண்டு. முதல் எபிசோடிலேயே முடிந்துவிடும் ஒரே தொடர்வகை மாணவர் பைலட்தான்.

முதற்படி ஒன்லைன், அதாவது ஒரே வரியில் கதை. குழுவில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். வீடு வேளச்சேரி, அண்ணா நகர், தாம்பரம் என்று இருக்கும். ஒருவர் மட்டும் தேனியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பார். கேன்டீனில் கூடிக் கதை யோசிப்பார்கள். ஒருவர் காதல் என்பார். எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். இன்னொருவர் பேய் என்பார், கிராபிக்ஸுக்குக் காசில்லை. கடைசியில் யாராவது "வடசென்னை" என்பார். உடனே மேசையில் அமைதி பிறக்கும். கதை முடிவாகிவிட்டது என்று பொருள். பத்து லட்சம் பேருக்கு மேல் குடியிருக்கும் நிலப்பரப்பு அது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. 2018இல் வந்த படத்தின் பெயராகவே காதில் விழும்.

அடுத்தது திரைக்கதை. இதற்குப் பாடநூல்கள் மூன்று: 'மெட்ராஸ்' (2014), 'வடசென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021). மூன்றையும் ஒரே வார இறுதியில் லேப்டாப்பில் பார்த்து முடித்தால் கள ஆய்வு நிறைவடைந்தது. பேராசிரியர் ஆட்சேபித்தால், 'நாளைய இயக்குநர்' குறும்பட நிகழ்ச்சியிலிருந்து சினிமாவுக்குப் போன கார்த்திக் சுப்புராஜையும் நலன் குமாரசாமியையும் உதாரணம் காட்டுவது மரபு. அவர்களில் ஒருவர் முதல் படமாக பீட்சா டெலிவரி பையன் கதையையும், மற்றவர் ஆள் கடத்தும் நாலு அசடுகளின் கதையையும் எடுத்தார்கள் என்பதை யாரும் குறிப்பிடுவதில்லை.

பாத்திரங்களும் பொருட்களும் ஏற்கெனவே தயாராக இருப்பதால் எழுத்து வேலை குறைவு. பட்டப்பெயரோடு ஒரு நாயகன், வெள்ளை வேட்டியில் ஒரு அண்ணன், துரோகம் செய்ய ஒரு நண்பன், அழுவதற்கு ஒரு அம்மா. நாலு பேர் சதி பேச வேண்டுமென்றால் கேரம் போர்டு. புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்று வந்தார். ஆனால் பைலட்டில் கேரம் போர்டைச் சுற்றி யாரும் கேரம் ஆடுவதில்லை. 1950களிலிருந்து திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஷிஃப்ட் பார்த்து, பி.எஃப். வாங்கி, மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவருக்குக் கதையில் இடமில்லை. அவர் பூட்டி அனுப்பிய புல்லட்டுக்கு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படர்ந்தபோது, மீனவர்கள் வெறுங்கையோடு படகில் இறங்கி அதை வாளியில் அள்ளினார்கள். அதில் யாரும் அரிவாள் எடுக்காததால் அதுவும் ஒன்லைன் ஆகவில்லை.

மூன்றாவது கட்டம் அனுமதி. துறைமுகத்துக்குள் கேமராவோடு போகலாம் என்று நம்பிக் கிளம்பும் குழு, வாயிலில் துப்பாக்கியோடு நிற்கும் மத்தியப் படைக் காவலரைக் கண்டதும் அந்தக் காட்சியைக் கதையிலிருந்தே நீக்கிவிடும். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தில் படமெடுக்க ரயில்வேக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே அதன் தூண்கள் எதிர்ச்சாரியிலிருந்து ஜூம் செய்யப்படும். ட்ரோனுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 250 கிராமுக்கு உட்பட்டது என்றால் ஓட்ட உரிமம் வேண்டாம் என்ற வரியை மட்டும் மாணவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள். எங்கே பறக்கக் கூடாது என்று சொல்லும் வரைபடத்தை யாரும் திறப்பதில்லை.

நான்காவது கட்டம் படப்பிடிப்பு. குழு மெட்ரோவில் வந்து இறங்கும். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. இறங்கியதும் முதல் வேலை, மெட்ரோ தூண் ஃப்ரேமில் விழாத இடமாகத் தேடுவது. கல்லூரிக்கு விடுமுறை ஞாயிறு என்பதால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படப்பிடிப்பும் ஞாயிறுதான். சென்னையின் பாதிப் பேர் மீன் வாங்கக் கூடைப்பையோடு வருவதும் அன்றுதான். ஏலக்காரரைப் பார்த்து "சைலன்ஸ்" என்று கத்தினால் அவர் அதையும் ஒரு விலையாக எடுத்துக்கொண்டு மேலே போவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கரையில் நிற்கும் என்பது ஒளிப்பதிவாளருக்குத் தெரியும். பழுது பார்க்கும் வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும், சுத்தியலும் வெல்டிங்கும் ஓயாது என்பது ஒலிப்பதிவு செய்பவருக்கு அங்கே போன பிறகு தெரியும்.

துணைப் பாத்திரங்கள் அங்கேயே கிடைப்பார்கள் என்பது குழுவின் நம்பிக்கை. வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "தள்ளி நில்லுங்க தம்பி, மேல தெறிக்கும்" என்றார். இயக்குநர் பரவசப்பட்டு, "அக்கா, அதையே கொஞ்சம் வடசென்னை மாதிரி சொல்லுங்களேன்" என்று கேட்டார். "இதான் தம்பி வடசென்னை. மீன் வேணுமா, வேணாமா?" என்று பதில் வந்தது. இந்த டேக் பயன்படுத்தப்படவில்லை.

படப்பிடிப்பில் தனித்து ஆராய வேண்டியது நடை. நாயகன் ஆட்களோடு தெருவில் நடந்து வருவான். எங்கே போகிறான் என்பது திரைக்கதையில் இருக்காது. நொடிக்கு 120 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் 10 நொடி நடை 50 நொடியாகும். நாலைந்து முறை நடந்தால் நாலு நிமிடம் வசனமில்லாமல் தீரும். நடையில் வகைகள் உண்டு. தனி நடை, கும்பல் நடை, முதுகுப்பக்க நடை, செருப்பை மட்டும் காட்டும் நடை. கும்பல் நடைக்கு ஐந்து பேர் தோளோடு தோள் சேர்ந்து வர வேண்டும். ராயபுரத்துச் சந்தில் இருபுறமும் வண்டி நிறுத்திய பிறகு மிஞ்சுகிற இடத்தில் ஒன்றரை ஆள் வரலாம். ஆகவே இருவர் முன்னாலும் மூவர் பின்னாலுமாக, ரேஷன் கடைக்கு வந்தவர்கள் மாதிரி வருவார்கள். லுங்கியை மடித்துக்கட்டத் தேனி மாணவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்பதால் மற்றவர்கள் ஒரு கையால் அதைப் பிடித்தபடியே வருவார்கள். முதல் டேக்கில் நாய் கூடவே நடக்கும். இரண்டாவதில் தண்ணீர் லாரி வரும். லாரி வந்தால் குடம் வரும். குடம் வந்தால் அன்றைய கும்பல் நடை முடிந்தது. கன்டெய்னர் நடை இன்னும் சிரமம். யார்டுக்குள் விட மாட்டார்கள் என்பதால் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் லாரிகளுக்கு நடுவே நடப்பார்கள். காலையிலிருந்து ஓரடி நகராத வரிசை, "ஆக்‌ஷன்" என்றதும் நகரும். பின்னணியில் நீலப் பெட்டி போய்ச் சிவப்புப் பெட்டி வந்து நிற்கும். கன்டினியூட்டி பார்க்கும் மாணவி நோட்டை மூடிவைத்து நிழலுக்குப் போய்விடுவார்.

நடை நடக்கும்போது தெருவாசிகள் நடக்கக் கூடாது என்பது விதி. சென்ற ஞாயிறு காலை தயிர் பாக்கெட்டோடு வீடு திரும்பிய ஒருவர், தம் வீட்டுக்கு நாலு வாசல் முன்னால் நிறுத்தப்பட்டார். நாலு டேக் வரை வெயிலில் நின்றார். பிறகு பொறுமையிழந்து நடந்தார், கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. "கட்" என்று கத்தியபடி ஓடிவந்த உதவி இயக்குநர், "சார், தப்பா நினைக்காதீங்க. அயர்ன் பண்ண சட்டை, மூக்குக்கண்ணாடி... இந்த ஏரியா ஆள் மாதிரியே தெரியல, ஃப்ரேம் கெடுது" என்றார். அத்தெருவிலேயே பிறந்து, அங்கேயே தலை நரைத்து, இப்போது இக்குறிப்பையும் எழுத நேர்ந்த அந்த நபர், ஏரியா ஆள் மாதிரி தெரிய என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தார். சட்டையில் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினால் போதும் என்று சொல்லப்பட்டது. தயிர் பாக்கெட் கையில் இல்லாதிருந்தால் அவரும் கழற்றியிருப்பார் என்று மனைவி கருதுகிறார்.

படப்பிடிப்பு முடிந்ததும் நடுத்தெருவில் பூசணிக்காய் உடைக்கப்படும். அதை அள்ளுவது தயாரிப்பு அட்டவணையில் எந்த இலாகாவிலும் சேராது. திங்கட்கிழமை காலை முதல் டிவிஎஸ் எக்ஸ்எல் அதன் மேல் சறுக்கும்.

எடிட்டிங்கில் வெயில் மஞ்சளாக்கப்பட்டு, கடல் கறுப்பாக்கப்பட்டு, கானா சேர்க்கப்படும். ஒலி சரியில்லாததால் வசனம் ஹாஸ்டல் அறையில் போர்வைக்குள் டப்பிங் செய்யப்படும். காசிமேட்டுக் காற்றுக்குப் பதில் மின்விசிறியின் ஓசை இடம்பெறும். வைவாவில் வெளித்தேர்வாளர் நடையைப் பாராட்டி, "ரொம்ப ராவா இருக்கு" என்பார். மதிப்பெண் வந்ததும் ஒளிப்பதிவாளரின் ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாமல் பைலட் அழிக்கப்பட்டு, அவருடைய அக்கா கல்யாண வீடியோ ஏற்றப்படும். அதற்கு மட்டும் மூன்று பாகம் உண்டு.